பூனைக்கு வயிறு இல்லையா?

சிரித்து முடித்தீர்களா? முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் நம் குடியிருப்பின் வாசலில் நாமெல்லாம் உட்கார்ந்திருந்தபோது, மூன்றாவது மாடியில் இருக்கிற கோயம்புத்தூர்ப் பெண் ஒரு அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து ஓடினாள். என்னம்மா என்று கேட்டதற்கு, "பூனைக்குட்டிக்கு லூஸ் மோஷன் ஆன்ட்டி, இன்னும் கண்ணே தொறக்கல" என்றாள். அவள் போன பிறகு நீங்கள் சிரித்தீர்கள். ஐ.டி. சம்பளம் பண்ணுகிற வேலை என்றார் ஒருவர். நம் காலத்தில் பூனைக்குட்டியெல்லாம் தானாகப் பிழைத்துக்கொள்ளும், அதற்கு யார் டாக்டரிடம் போனார்கள் என்றார் இன்னொருவர். எல்லாரும் தலையை ஆட்டினீர்கள்.

நான் ஆட்டவில்லை. நம் காலத்தில் குட்டிகள் தானாகப் பிழைத்துக்கொள்ளவில்லை. செத்துப்போயின. நாம் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் வேலைக்கு வந்த பிள்ளைகள் பின்னால் பூனாவின் இந்தக் கராடிக்கு வந்து சேர்ந்தவர்கள். நான் இதே பூனாவில், பிம்ப்ரியில் பிறந்து வளர்ந்தவள். என் காலத்தில் டாக்டரிடம் போனவள் ஒருத்தி உண்டு. அவளைப் பார்த்தும் ஊர் சிரித்தது. அவள் என் அம்மா.

அப்பாவுக்கு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் மாடி வீடு. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் புளித்த மாவு போல ஒரு வாடை வரும். துணியில், தலைமுடியில், சோற்றில்கூட அது ஏறிவிடும். அது மழைக்காலம். பூனா மழை ஊர் மழை மாதிரி கொட்டிவிட்டுப் போகாது என்று அம்மா அலுத்துக்கொள்வாள். நசநசவென்று வாரக்கணக்கில் பெய்யும். துணி காயாது. கரியடுப்பின் மேல் பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் என் பள்ளிச் சட்டையைப் பரப்பிக் காயவைப்பாள். கீழ்வீட்டு மராட்டிக்கார அம்மாளை நான் காகூ, அதாவது சித்தி, என்று கூப்பிடுவேன்; அவள் அந்த அடுப்பை ஷெகடி என்பாள். எங்கள் வீட்டிலும் அதற்கு அதே பெயராகிவிட்டது.

அந்த மழையில்தான் மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய மரப்பெட்டிக்குள் ஒரு பூனை நாலு குட்டி போட்டது. மூன்று வரிப்பூனை, ஒன்று சாம்பல் நிறம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குனிந்து பார்ப்பேன். தாய் என்னைப் பார்த்துச் சீறும். அப்புறம் குட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வயிற்றையும் வாலடியையும் நக்கும். சுத்தம் பண்ணுகிறது என்று நினைத்தேன். அது வேறு ஒரு பெரிய வேலை என்று பிறகு தெரிந்தது.

ஒரு நாள் தாய் வரவில்லை. லாரி அடித்துவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். பெட்டிக்குள்ளிருந்து வந்த கத்தல் முதலில் கூர்மையாக இருந்தது, போகப்போகத் தேய்ந்தது. நான் என் மழைக்கோட்டைக் கழற்றி, நாலையும் அதில் அள்ளிக்கொண்டு மேலே போனேன்.

"சவத்த மூதி, இத எங்கிருந்துட்டி தூக்கிட்டு வந்தே?" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே அப்பாவின் பழைய ஸ்வெட்டரை எடுத்து விரித்தாள்.

அம்மாவுக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்காது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி நேரே இங்கே வந்தவள். மார்க்கெட்டுக்குப் போனாலும் காகூ கூட இருக்க வேண்டும். 'கிதீ' என்று விலை கேட்கவும், 'நகோ' என்று வேண்டாம் சொல்லவும் தெரியும். அதற்கு மேல் பேச வேண்டியிருந்தால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள்.

பால்காரர் ஊற்றிய எருமைப் பாலைச் சுடவைத்து, சர்க்கரை போட்டு, துணித் திரியில் நனைத்துக் கொடுத்தோம். கைக்குழந்தைக்குச் சங்கில் கொடுக்கிற மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்துத்தான் கொடுத்தோம். பால் மூக்கு வழியாகக் குமிழியிட்டது. குடித்த மட்டும் குடித்துவிட்டுத் தூங்கின. எனக்கு ஏதோ பெரிய காரியம் முடித்த பெருமை.

காலையில் பார்த்தால் நாலுக்கும் வயிறு தம்பட்டம் மாதிரி விறைத்திருந்தது. மதியத்துக்குள் பேதி. மஞ்சள் தண்ணீர், புளிச்ச வாடை, வால் காலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. காகூ வந்து பார்த்துவிட்டு ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தோம். சாம்பல் குட்டி அன்று சாயங்காலமே செத்தது.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து எட்டிப் பார்த்தார். "பேதி ஆனா வயித்தக் காயப் போடணும். ஒண்ணுங் குடுக்காத. தன்னால நிக்கும்" என்றார். ஊருக்கே மருந்து செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. காயப் போட்டோம். அடுத்த நாள் ஒரு வரிக்குட்டி விறைத்துக் கிடந்தது. கொய்யா மரத்தடியில் நானே குழி தோண்டினேன். ஈர மண் சரிந்து சரிந்து குழியை மூடிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து, மிச்சம் இருந்த இரண்டில் ஒன்றின் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்திருந்தாள்.

"சப்ப மாட்டேங்குட்டி," என்றாள். "வாயெல்லாம் ஐஸாட்டம் குளுந்து கெடக்கு."

"அப்பா வந்ததும் கேப்போம்மா."

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. எழுந்து போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். வெளியே போகிற சேலை.

"மாட்டாஸ்பத்திரி எங்கன இருக்கு?"

"அது பஸ்ல போகணும்மா. ரொம்ப தூரம்."

"ஒனக்கு அவங்க பேச்சு தெரியும்லா? கெளம்பு."

இரண்டு குட்டிகளையும் ஒரு துண்டில் சுற்றி, சேலைத் தலைப்புக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டாள். படியில் காகூ மறித்தாள். "வஹினி, குடே?" எங்கே கிளம்பிவிட்டாய் அண்ணி என்று. நான் சொன்னேன். காகூ முதலில் நம்பவில்லை. "மாஞ்சராஸாட்டீ? பூனைக்காகவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு, நாங்கள் தெருமுனை திரும்பும் வரை கேட்டது. அன்று சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கச் செய்தி போய்விட்டது காகூ புண்ணியத்தில்தான். நல்லவள்தான். ஆனால் வாய் நிற்காது.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. அம்மா தலைப்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த கண்டக்டர், உள்ளே கைக்குழந்தை என்று நினைத்து, உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பிவிட்டார். அம்மா உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் தலைப்புக்குள்ளிருந்து 'மீ' என்று ஒரு சத்தம். எழுந்து நின்றவர் குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. பூனையா, பூனைக்கா நான் எழுந்தேன், எழுந்திரு என்று மராட்டியில் கத்தினார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் அம்மா.

"எந்திரிக்கச் சொல்றாரும்மா."

"முடியாதுன்னு சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே நிமிர்ந்து, "நகோ" என்றாள். கத்தரிக்காய் வேண்டாம் என்று சொல்கிற அதே 'நகோ'. இலக்கணப்படி அது அங்கே பொருந்தாது. ஆனால் அந்த ஆளுக்கு நன்றாகவே புரிந்தது.

மாட்டாஸ்பத்திரியில் பினாயில் வாடையும் நனைந்த வைக்கோல் வாடையும் கலந்து அடித்தது. தகரக் கொட்டகைக்குக் கீழே எருமைகள் ஆவி விட்டுக்கொண்டு நின்றன. வாசலில் இருந்த கிளார்க் எங்களைப் பார்த்துவிட்டு, "இதே காயீ-ம்ஹஷீ பக்தாத். மாஞ்சர் நாஹீ" என்றார்.

"இங்க மாடும் எருமையும்தான் பாப்பாங்களாம். பூனைக்குப் பாக்க மாட்டாங்களாம். வாம்மா போவோம்."

"ஏன், பூனைக்கு வயிறு இல்லையா? அத அவருகிட்ட கேளு."

கேட்டேன். கீச்சுக்குரலில், தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனாலும் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிளார்க்கும் சிரித்தார். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். யாரம்மா நீ என்பது போல் பார்த்தார். அம்மாவுக்கு மராட்டியும் வரவில்லை, ஹிந்தியும் வரவில்லை. தலைப்பைப் பிரித்துக் காட்டி, "பிள்ளை" என்றாள். "டாக்டர், பிள்ளை, பிள்ளை."

மராட்டியில் மிருகங்களின் குட்டிக்கு 'பில்லூ' என்று பெயர். டாக்டர் காதில் அதுதான் விழுந்தது. "பில்லூ? காய் ஜாலா பில்லூலா?" குட்டிக்கு என்ன ஆச்சு என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

இரண்டையும் மேஜைமேல் வைத்தாள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். மார்பில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு அதைத் துண்டால் மூடிவிட்டு, "உஷீர் ஜாலா" என்றார்.

"லேட்டாயிட்டாம்மா," என்றேன்.

"தெரியும்," என்றாள் அம்மா. "அந்த வார்த்தை எனக்குத் தெரியும்."

பத்து வார்த்தைக்கு மேல் மராட்டி தெரியாத அம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்க நேரமில்லை. டாக்டர் அதற்குள் மற்றதைக் கையில் எடுத்துவிட்டார். பிடரித் தோலைக் கிள்ளி இழுத்துவிட்டார். தோல் தன் இடத்துக்குத் திரும்பாமல் துணி மடிப்புப் போல அப்படியே நின்றது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார்; வெளிறியிருந்தது.

"என்ன கொடுத்தீர்கள்?"

எருமைப் பால், சர்க்கரை, ஓமத்தண்ணீர், பிறகு ஒன்றுமே இல்லை. நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டார். தனக்குப் பூனை அவ்வளவாகப் பழக்கமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் உடம்பில் நீர் வற்றினால் எந்த உயிருக்கும் ஒரே கதைதான் என்றார். கன்றுக்குப் போடுகிற சலைன் பாட்டிலை வெந்நீரில் வைத்துக் கதகதப்பாக்கி, அவரிடம் இருந்ததிலேயே மெல்லிய ஊசியால் அந்தச் சுண்டுவிரல் உடம்பின் தோலுக்கடியில் கொஞ்சம் ஏற்றினார். வெளியே ஒரு எருமைக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவர் சொன்னதை நான் தமிழில் சொல்ல, அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குட்டி குளிர்ந்திருக்கும்போது பால் கொடுக்கவே கூடாது. குளிர்ந்த வயிறு எதையும் செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் பால். எருமைப் பாலும் பசும்பாலும் வேண்டாம். மல்லாக்கப் போட்டுக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போகும். தாயிடம் குடிக்கிற மாதிரி குப்புற வைத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவை பால் கொடுத்த பிறகும் ஈரப் பஞ்சால் வாலடியைத் தடவிவிட வேண்டும். இந்த வயதில் அதற்குத் தானாகப் போகத் தெரியாது, தாய் நக்கினால்தான் போகும். அப்போதுதான் அந்த மரப்பெட்டிக்குள் தாய் ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தது எதற்கென்று எனக்கு விளங்கியது.

கடைசியாக அம்மாவே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். "எப்ப தூக்கிட்டு வந்திருக்கணும்னு கேளு."

முதல் பேதி ஆனதுமே என்றார் டாக்டர். பால் குடிக்க மறுத்தால், உடம்பு குளிர்ந்தால், துவண்டு கிடந்தால், வயிறு உப்பி விறைத்தால், நிறுத்தாமல் கத்தினால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காதே, நாளை வரை காத்திருக்காதே, உடனே தூக்கிக்கொண்டு வா என்றார். இவ்வளவு சின்ன உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது என்றார்.

அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் நேற்று ஓடியது இதற்குத்தான். இதில் எந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்தது, சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் அப்பா வந்தபோதே முகம் சரியில்லை. குடையை மடக்காமல் மூலையில் எறிந்தார்.

"ஏளா, பூனையத் தூக்கிட்டு பஸ் ஏறினியாமே? மாட்டாஸ்பத்திரில போயி சண்டை போட்டியாமே? கேன்டீன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கானுவ."

"சிரிக்கட்டும்." அம்மா நிமிரவில்லை. என் பேனாவுக்கு மை ஊற்றுகிற கண்ணாடி ஃபில்லரைக் கொதிக்கும் நீரில் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன கைக்குழந்தைப் பால் மாவை அவர் சொன்ன பதத்தில் கரைத்து வைத்திருந்தாள். இப்போது பூனைக்குட்டிக்கென்றே பால் மாவு டப்பாவில் கிடைக்கிறதாம். அன்று அப்படி ஒன்று உலகத்தில் இருக்கும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

"ஒரு பூனைக்குட்டிக்காக..."

"பேதி தன்னால நிக்கும்னு சொன்னிய," என்றாள் அம்மா.

"பூனைக்குத்தானளா சொன்னேன்."

"அவனுக்கும் அதத்தான் சொன்னிய."

அப்பா மூலையில் கிடந்த குடையை எடுத்து மடக்கத் தொடங்கினார்.

"மழ விடட்டும், நாளைக்குப் பாத்துக்கிடலாம்னு சொன்னிய. நானும் வாய மூடிட்டு மடியில போட்டுட்டு இருந்தேன். எனக்கு இந்த ஊரு பேச்சு தெரியாது. ஒத்தையில ரோட்டத் தாண்டத் தெரியாது. மறுநா அந்த டாக்டர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா? உஷீர் ஜாலா. இந்த ஊர்ல நான் படிச்ச மொத வார்த்தை அதுதான்."

"பிள்ளை முன்னால எதுக்குளா இதெல்லாம்?"

"கேக்கட்டும். அவளுக்கும் தெரியட்டும்."

அப்படித்தான் எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான் என்று தெரிந்துகொண்டேன். உட்காரக்கூடத் தொடங்காத வயதில் பேதியில் போயிருக்கிறான். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. அம்மாவைச் சாது, ஒன்றும் தெரியாதவள், வாய் பேசாதவள் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சாதுவாக இருக்கவில்லை. அத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. அம்மா சாப்பிட்டாள். எனக்கும் போட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே அந்தக் குட்டியைச் சுற்றித்தான் நடந்தது. காலி மருந்து பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, அப்பாவின் காலுறைக்குள் போட்டு அதன் பக்கத்தில் வைப்பாள். அப்பா காலையில் ஒற்றைக் காலுறையைப் பிடித்துக்கொண்டு ஜோடியைத் தேடுவார். எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் கேட்க மாட்டார். குட்டியைக் குப்புற வைத்து, ஃபில்லரால் துளித்துளியாக விடுவாள். பிறகு ஈரப் பஞ்சு. குழாயடியில் யாராவது 'மாஞ்சர்வாலி' என்று முணுமுணுத்தால், அம்மா திரும்பி நின்று, "ஹோ" என்பாள். ஆமாம், பூனைக்காரி நான்தான் என்று.

நடுவில் ஒரு நாள் குட்டிக்கு வயிறு மறுபடி விறைத்தது. பேதி நின்று, இப்போது போகவே இல்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. காகூ வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இருட்டுவதற்கு முன்னால் அம்மா நனைந்துகொண்டு வந்தாள். தனியாகப் போயிருக்கிறாள். தனியாக பஸ் ஏறி, தனியாகப் பேசி, டாக்டர் எனிமா கொடுத்ததைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். காகூ இந்தத் தடவை சிரிக்கவில்லை. எழுந்துபோய் டீ வைத்துக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. அப்பா பால்கனியில் கண்ணாடியை மாட்டி வைத்துக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல், நான் அதுவரை கேட்டிராத குரல்:

"இங்க வாங்க! வெரசா வாங்க!"

ஏதோ விபரீதம் என்று நானும் ஓடினேன். அப்பா பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். அம்மா கையில் பஞ்சு. அதன் மேல் கடுகு நிறத்தில், விரல் நகம் அளவுக்குக் கட்டியாக ஒன்று. குட்டி அவள் முழங்காலில் கிடந்து ஃபில்லரைத் தேடி முட்டிக்கொண்டிருந்தது. ஒரு கண் கீறல் போலத் திறந்திருந்தது.

"பாருங்க," என்றாள்.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்து, தொழிற்சாலையில் எதையாவது சோதித்துப் பார்க்கிற மாதிரி அந்தப் பஞ்சை வெகுநேரம் பார்த்தார். "கட்டியாத்தான் போயிருக்கு" என்றார். நிமிரவில்லை. நுரை தாடையிலிருந்து வழிந்து பனியனில் சொட்டியது.

"அவனையும் அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருக்கணும்ளா," என்றார்.

அம்மா ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று நான் நினைத்தேன். நம் விதி அவ்வளவுதான் என்றாவது சொல்வாள் என்று அப்பாவும் நினைத்திருப்பார்.

"ஆமா," என்றாள் அம்மா. "போயிருக்கணும்."

பிறகு குட்டியைக் குப்புறத் திருப்பி வைத்துக்கொண்டு, ஆறிப்போன வெந்நீர் பாட்டிலைக் காலுறையோடு எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இத மாத்திக் கொண்டாங்க. பச்சப்பிள்ளைக்குக் குளுரும்."

அப்பா அதை வாங்கிக்கொண்டு, பாதி முகத்து நுரையோடு அடுப்பங்கரைக்குப் போனார்.